ரைஃபிள் தோட்டா ரீலோடிங்: முதல் பிரஸ்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவில் இருக்கிறீர்கள். கையில் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று. .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, 6.5 கிரீட்மோர் என்று ஏதோ ஒரு காலிபர், அதாவது தோட்டா வகை. மான் சீசனுக்கும் ரேஞ்சில் இலக்குப் பயிற்சிக்கும் சொந்தமாகவே தோட்டா நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதற்கான கைநெம்புக் கருவிதான் பிரஸ். தேடினால் நூறு டாலருக்குள்ளும் கிடைக்கிறது, ஆயிரம் டாலரைத் தாண்டியும் கிடைக்கிறது. எல்லாமே 'ரீலோடிங் பிரஸ்' என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். எதை வாங்குவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பில் செய்த, ஓ வடிவச் சட்டம் (ஃபிரேம்) கொண்ட, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் ஒன்றை வாங்குங்கள். அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல தராசுக்கும், நீளம் அளக்கும் காலிப்பருக்கும், நம்பகமான ரீலோடிங் கையேட்டுக்கும் போடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன், அந்த வகைக்குள்ளேயே எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கியதை எப்படிப் பொருத்திச் சோதிப்பது என்பதெல்லாம் கீழே.

பிரஸ் வாங்குமுன் தெரிய வேண்டிய சட்டவிதிகள்

சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி தனி உரிமம் தேவையில்லை. நிரப்பி விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும். சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் மாநிலத்தில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அதே சட்டத்தில் 'தோட்டா' என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை. பித்தளை உறை, பிரைமர் (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்), குண்டு, வெடிமருந்து நான்குமே தனித்தனியாக அதில் அடங்கும். ஆகவே 'துப்பாக்கி நண்பருடையது, நான் பிரைமர் மட்டும்தான் வாங்கி வைத்திருக்கிறேன்' என்பது எடுபடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

படி 1: பிரஸ் செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒருமுறை சுட்ட தோட்டாவில் மிஞ்சுவது பித்தளை உறை. அதை மறுபடி பயன்படுத்துவதுதான் ரீலோடிங். உறையைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, மசகு தடவி, பழைய அளவுக்குச் சுருக்கி, நீளத்தைச் சரிசெய்து, புதிய பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைச் செருக வேண்டும். இதில் பிரஸ்ஸுக்கு உண்மையாகவே பலம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. உறையைச் சுருக்கும் இடம்.

.308 தோட்டா வெடிக்கும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். எஸ்.ஏ.ஏ.எம்.ஐ என்ற அமெரிக்கத் தர அமைப்பு அந்தக் காலிபருக்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பு அது. .30-06க்கு 60,000, .223 ரெமிங்டனுக்கு 55,000. அந்த அழுத்தத்தில் பித்தளை ஊதிப்போய் உங்கள் ரைஃபிளின் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் பின்வாங்கும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. அந்த உறையை டை என்ற எஃகு அச்சுக்குள் தள்ளி, உடலையும் தோளையும் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) கழுத்தையும் ஒரே நேரத்தில் நெருக்கிச் சுருக்குகிறது பிரஸ்.

கைப்பிடியை இறக்குகிறீர்கள். ரேம் என்ற எஃகுத் தண்டு மேலே ஏறுகிறது. அதன் தலையில் இருக்கும் ஷெல் ஹோல்டர், உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதை டைக்குள் ஏற்றுகிறது. பாதி வழியில் கை கனக்கத் தொடங்கும். கடைசிக் கால் பங்கில் டையின் நடுவில் இருக்கும் ஊசி பழைய பிரைமரை அடியில் தள்ளிவிடும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். இத்தோடு முடியவில்லை. கைப்பிடியை மேலே தூக்கும்போது, டைக்குள் இருக்கும் சிறிய உருண்டை ஒன்று அளவுக்கு மீறிச் சுருங்கிய கழுத்தை உள்ளிருந்து சரியான விட்டத்துக்கு விரித்துக்கொண்டே வெளியே வரும். அப்போதும் ஒரு இழுப்பு தெரியும். ஆக, இறக்கும்போதும் பலம் வேண்டும், தூக்கும்போதும் பலம் வேண்டும். கைத்துப்பாக்கித் தோட்டாவில் இவ்வளவு பாடு இல்லை. நேரான குட்டை உறை, கார்பைடு டை வைத்தால் மசகு கூட வேண்டாம். கைத்துப்பாக்கிக்கு நிரப்பும் நண்பர் 'இந்த அலுமினியம் பிரஸ்ஸே போதும்' என்று சொன்னால், அவர் வேலைக்கு அது சரி. ரைஃபிளுக்கு வேறு கணக்கு.

பலம் என்றால் உடையாமல் இருப்பது மட்டும் இல்லை. வளையாமல் இருப்பது. சட்டம் அழுத்தத்தில் கொஞ்சம் விரிந்து கொடுத்தால், ஷெல் ஹோல்டருக்கும் டைக்கும் நடுவில் நூலிழை இடைவெளி விழும். உறை முழுதாக உள்ளே போகாது, தோள் போதிய அளவு பின்னுக்குத் தள்ளப்படாது. போல்ட் ஆக்‌ஷனுக்கு நிரப்புகிறவர்கள் தோளை அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் பின்தள்ளப் பார்ப்பார்கள். அந்தச் சின்னக் கணக்கில் சட்டத்தின் வளைவு பெரிய விஷயம். அதுவும் மசகு குறைந்த உறை ஒரு மாதிரி, பலமுறை சுட்டுக் கடினப்பட்ட உறை இன்னொரு மாதிரி என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் வரும். நூறு தோட்டாவில் நான்கைந்து மட்டும் போல்ட்டை மூட விடாமல் முரண்டு பிடிப்பதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

படி 2: மூன்று வகையில் எது?

சிங்கிள் ஸ்டேஜில் ஒரே ஒரு டைதான் இருக்கும். ஐம்பது உறைகளைச் சுருக்கிவிட்டு, டையை மாற்றி, ஐம்பதிலும் குண்டு செருக வேண்டும். மெதுவான வேலை. டர்ரெட்டில் தலைப்பகுதி சுழலும். டைகளை அதிலேயே பொருத்தி வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பயன்படுத்தலாம். லீ கிளாசிக் டர்ரெட்டில் நான்கு துளை, ரெடிங் டி-7இல் ஏழு. புரோகிரசிவ்வில் பல உறைகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு நிலையங்களில் நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிலையத்திலும் வேலை நடந்து, ஒரு முழுத் தோட்டா வெளியே விழும். டில்லன் நிறுவனத்தின் எக்ஸ்.எல் 750 இந்த வகை.

அப்படியானால் வேகமானதையே வாங்கலாமே என்று தோன்றும். முதல் பிரஸ்ஸாக அது வேண்டாம் என்பதற்கு எனக்கு இரண்டு காரணம்.

ஒன்று, ரைஃபிள் உறை புரோகிரசிவ் ஓட்டத்துக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. சுருக்கும்போது பித்தளை முன்னோக்கி வழிந்து உறை நீளும். .308 உறையின் உச்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டிச் சரிசெய்யும் நீளம் 2.005. இந்த அளவைச் சுருக்கிய பிறகுதான் பார்க்க முடியும், தேவைப்பட்டால் வெட்ட முடியும். வெட்டிய வாயின் உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் மழுக்க வேண்டும். மசகையும் துடைத்தாக வேண்டும். ஆகவே பெரும்பாலானோர் புரோகிரசிவ்விலும் முதல் சுற்றில் சுருக்கி, வெளியே எடுத்து வெட்டித் துடைத்து, இரண்டாம் சுற்றில் மருந்தும் குண்டும் வைக்கிறார்கள். விலை கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடுகிறது.

இரண்டாவது காரணம் எனக்கு முக்கியமானது. கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் கண்ணில் பட வேண்டும். ஐந்து நிலையத்தில் ஐந்து வேலை நடக்கும்போது, பிரைமர் சரியாக உட்கார்ந்ததா, மருந்து விழுந்ததா, கழுத்தில் கோடு தெரிகிறதா என்று எதைப் பார்ப்பது? சிங்கிள் ஸ்டேஜில் மருந்து போட்ட ஐம்பது உறைகளையும் மரத்தட்டில் நிற்க வைத்து, விளக்கை மேலே பிடித்து, எல்லாவற்றிலும் மருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். அந்தச் சோதனைக்கு ஈடு எதுவும் இல்லை.

அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும் ஏஆர்-15 ரைஃபிள் வைத்திருக்கிறீர்கள், .223 மாதத்துக்குப் பல நூறு சுடுகிறீர்கள் என்றால் புரோகிரசிவ் நியாயமான தேவைதான். அதையும் இரண்டாவது பிரஸ்ஸாக வாங்குங்கள் என்பேன். டர்ரெட் நடுவழி. சுழலும் தலை அழுத்தத்தில் கொஞ்சம் நெளியும், நல்ல டர்ரெட்டில் அது மிகக் குறைவு. கைத்துப்பாக்கிக்கும் ரைஃபிளுக்கும் சேர்த்து நிரப்பப் போகிறவர்களுக்கு லீ கிளாசிக் டர்ரெட் பொருத்தமானது. தானாகச் சுழற்றும் கம்பியைக் கழற்றிவிட்டால் அதுவே சிங்கிள் ஸ்டேஜ் மாதிரி வேலை செய்யும்.

படி 3: சிங்கிள் ஸ்டேஜில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் சட்டத்தின் வடிவம். சி வடிவச் சட்டத்தில் முன்பக்கம் திறந்திருக்கும், கை வைக்க வசதி. ஆனால் பாரம் ஏறினால் அந்தத் திறப்புப் பக்கம் வாய் பிளக்கப் பார்க்கும். ஓ வடிவத்தில் நாற்புறமும் மூடிய வளையம், பாரம் இரண்டு பக்கமும் சமமாக இறங்கும். உலோகம் வார்ப்பிரும்பாக இருக்கட்டும். அலுமினியக் கலவைச் சட்டங்களிலும் நல்லவை உண்டு, .223 போன்ற சின்ன உறைக்கு அவையே போதும். .30-06உம் அதற்கு மேற்பட்ட, மருந்து அதிகம் பிடிக்கும் மேக்னம் உறைகளும் என்றால் இரும்புதான்.

அடுத்து திறப்பின் உயரம். இதைப் பலர் கவனிப்பதில்லை. ரேம் கீழே இருக்கும்போது, ஷெல் ஹோல்டரில் உறையையும் அதன் வாயில் குண்டையும் நிற்க வைத்து டைக்கு அடியில் நுழைக்க இடம் வேண்டும். முடிந்த .308 தோட்டாவின் உச்ச நீளம் 2.810 அங்குலம், .30-06க்கு 3.340. குண்டு இன்னும் உள்ளே இறங்காத நிலையில் மொத்த உயரம் இதைவிட அதிகம். அதோடு உங்கள் விரலுக்கும் இடம் வேண்டும். .338 லப்புவா போன்ற நீளமான தோட்டா என்றைக்காவது வரலாம் என்றால் திறப்பு தாராளமாக இருக்கும் பிரஸ்ஸையே பாருங்கள்.

டை திருகும் மரை, உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு: எட்டில் ஏழு அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை. ஒரு நிறுவனத்தின் பிரஸ்ஸில் இன்னொரு நிறுவனத்தின் டை தாராளமாகப் பொருந்தும். ஷெல் ஹோல்டர்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே பிரஸ் ஒரு கம்பெனி என்பதால் எல்லாமே அதே கம்பெனியில் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பழைய பிரைமர் எங்கே போய் விழுகிறது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். தினசரி உபயோகத்தில் அது அவ்வளவு சின்னது இல்லை. சுட்ட பிரைமரோடு கருப்புத் தூளும் உதிரும். அதில் ஈயம் உண்டு, சுரண்டும் தன்மையும் உண்டு. சில பிரஸ்களில் ரேமின் பக்கவாட்டில் விழுந்து, ஒரு பிளாஸ்டிக் தட்டில் சேரும். சேராமல் தரையில் உருள்வதும் உண்டு, தூள் ரேம் மீது படிவதும் உண்டு. சிலவற்றில் ரேமே குழாய் போல உள்ளீடற்றது. பிரைமர் அதன் வழியாக நேரே கீழே இறங்கி, ரப்பர் குழாய் மூலம் டப்பாவுக்குப் போய்விடும். எனக்கு இந்த இரண்டாவது ஏற்பாடுதான் பிடிக்கும். ரேம் சுத்தமாக இருக்கும், தேய்மானம் குறையும், ஈயத் தூள் மேஜையில் பரவாது.

புதிய பிரைமரைப் பிரஸ்ஸிலேயே செருகும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு. அதை வைத்து பிரஸ்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கையில் பிடித்துச் செருகும் கருவி தனியாகக் கிடைக்கிறது. பிரைமர் அடியில் போய் உட்காருவதை விரலே உணரும். உட்கார்ந்த பிரைமர் உறையின் அடிப்பரப்பைவிட ஒரு மயிரிழை உள்ளே இருக்க வேண்டும். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கைப்பிடி எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். இடதுகைக்காரர்கள் இருபுறமும் மாற்றக்கூடிய மாடலைத் தேடுவது நல்லது.

படி 4: எந்த மாடல்?

லீ கிளாசிக் காஸ்ட். விஸ்கான்சின் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் இருக்கும் லீ பிரிசிஷன் நிறுவனத்துடையது. வார்ப்பிரும்புச் சட்டம், பிரைமர் ரேம் வழியாகவே கீழே இறங்கும், கைப்பிடியை எந்தப் பக்கமும் மாற்றலாம், நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம். மேலே டை திருகும் வளையமான புஷ்ஷிங்கைக் கழற்றினால், மிகப் பெரிய தோட்டாவான .50 பிஎம்ஜியின் டையே ஏறும். விலையோ போட்டியாளர்களைவிடக் குறைவு. பளபளப்பும் மழமழப்பும் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். பணம் அளவாக இருக்கிறவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான். ஆனால் ஒன்று, அதே நிறுவனம் அலுமினியத்தில் செய்யும் விலை குறைந்த பிரஸ்களும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும். பெயரில் 'கிளாசிக் காஸ்ட்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆர்.சி.பி.எஸ் ராக் சக்கர் சுப்ரீம். கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் 1943இல் ஃபிரெட் ஹன்டிங்டன் தொடங்கிய நிறுவனம் இது. சுட்டுப்போட்ட .22 உறைகளையே மேலுறையாக்கி வேட்டைக் குண்டு செய்யும் டைகளில் ஆரம்பித்தவர் அவர். 'ராக் சக்கர்' பிரஸ் 1967இல் வந்தது. அமெரிக்காவில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்த பிரஸ் என்று யாராவது காட்டினால், பெரும்பாலும் அந்தப் பச்சை நிறப் பிரஸ்ஸாகத்தான் இருக்கும். கனமான சட்டம், நல்ல நெம்புவிசை, எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகம். பிரைமர் தட்டு மட்டும்தான் இதன் பலவீனம்.

ரெடிங் பிக் பாஸ் 2. நியூயார்க் மாநிலம் கோர்ட்லண்டில் இருந்து வருவது. வேலைப்பாடு நேர்த்தி, ரேம் ஆட்டமே இல்லாமல் ஏறி இறங்கும், பிரைமர் ரேம் வழியாகவே போகும். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடியும் என்றால் என் கை போவது இதன் மேல்தான்.

நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் இருக்கும் ஹார்னடியின் சிறப்பு, டையைச் சின்னத் திருப்பலிலேயே மாட்டிக் கழற்றும் புஷ்ஷிங் முறை. ஒருமுறை அளவு வைத்துவிட்டால் மறுபடி திருகிச் சரிசெய்ய வேண்டியதில்லை. அவர்களின் கிளாசிக் மாடல் கலவை உலோகம், அயர்ன் பிரஸ் இரும்பு. ரைஃபிளுக்கு இரண்டாவதைப் பாருங்கள்.

ஃபோர்ஸ்டர் கோ-ஆக்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதில் ஷெல் ஹோல்டரே கிடையாது. இரண்டு தாடைகள் உறையின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். டையைத் திருக வேண்டாம், முன்பக்கக் காடியில் நழுவவிட்டால் போதும். டை கொஞ்சம் மிதந்து நிற்பதால் உறையும் டையும் தாமாகவே நேர்கோட்டுக்கு வந்துகொள்ளும். கைப்பிடி நடுவில், தலைக்கு மேலே. இடதுகைக்காரருக்கும் வலதுகைக்காரருக்கும் ஒன்றுதான். நீண்ட தூரத் துல்லியச் சுடுதலில் இருப்பவர்கள் இதைப் போற்றுவதில் நியாயம் உண்டு. விலை அதிகம், டையை அதன் அளவில் நிறுத்தும் லாக் ரிங்கின் தடிமன் காடிக்குப் பொருந்த வேண்டும், உயரமும் அதிகம். முதல் பிரஸ்ஸாக வாங்கினால் தவறில்லை, அவசியமும் இல்லை.

இதையெல்லாம் வாங்கும் நிலை இப்போது இல்லை, ஒரே காலிபர்தான், தொட்டுப் பார்க்க மட்டுமே ஆசை என்றால், லீ நிறுவனம் 1958இல் அறிமுகப்படுத்திய லீ லோடர் இன்றும் கிடைக்கிறது. சுத்தியல் தட்டில் வேலை நடக்கும், பிரஸ்ஸே வேண்டாம். கழுத்தை மட்டும்தான் சுருக்கும் என்பதால், அதே ரைஃபிளில் சுட்ட உறைகளுக்கே சரிவரும்.

படி 5: கிட்டா, தனித்தனியா? புதியதா, பழையதா?

கிட் பெட்டியில் பிரஸ், தராசு, மருந்து அளவி, பிரைமர் கருவி எல்லாம் சேர்ந்து வரும். எனக்கு இருக்கும் ஒரே அளவுகோல்: அந்தக் கிட்டில் இருக்கும் பிரஸ்ஸைத் தனியாக விற்றாலும் வாங்குவீர்களா? ஆம் என்றால் கிட் லாபம். இல்லையென்றால் மற்ற சாமான்களுக்காக ஒரு சோப்ளாங்கி பிரஸ்ஸைக் கட்டிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான கிட்களில் டையும் ஷெல் ஹோல்டரும் இருக்காது, காலிப்பரும் இருக்காது. அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பழைய வார்ப்பிரும்பு பிரஸ் நல்ல பேரம். ரேமை மேலே ஏற்றி, ஷெல் ஹோல்டர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து நாலாபக்கமும் ஆட்டுங்கள். லேசான அசைவு பரவாயில்லை, 'கடக் கடக்' என்று அடித்தால் விட்டுவிடுங்கள். டை மரையில் ஒரு டையைக் கையாலேயே திருகிப் பாருங்கள். இடையில் சிக்காமல் அடிவரை இறங்க வேண்டும். சட்டத்தின் உள்மூலைகளிலும், போல்ட் துளைகளைச் சுற்றியும் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்துரு ஒரு பொருட்டில்லை, ரேம் மீது குழிவிழுந்த துரு இருந்தால் வேண்டாம்.

படி 6: மேஜையில் பொருத்துதல்

எவ்வளவு நல்ல பிரஸ்ஸும் ஆடும் மேஜையில் உதவாது. கைப்பிடியை இறக்கும்போது மேஜை முன்பக்கம் கவிழப் பார்க்கும், தூக்கும்போது எழும்பப் பார்க்கும். கனமான பலகை, முன்விளிம்புக்கு நேர் கீழே ஒரு கால், பின்பக்கம் சுவரோடு இணைப்பு. இந்த மூன்றும் இருந்தால் போதும். மரத் திருகாணி வேண்டாம். பலகையைத் துளைத்துக்கொண்டு போகும் போல்ட், அடியில் அகலமான வாஷர், நட்டு. சில நாள் கழித்து மரம் அமுங்கியிருக்கும், மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.

துளை போடுமுன் பிரஸ்ஸை வெறுமனே வைத்து, கைப்பிடியை முழுதாக இறக்கிப் பாருங்கள். முட்டியில் இடிக்கிறதா, பலகை விளிம்பில் முட்டுகிறதா, ரேமின் இணைப்புக்கம்பி பலகையில் உரசுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். உட்கார்ந்து வேலை செய்வீர்களா நின்றா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

படி 7: முதல் உறையை ஏற்றிச் சோதித்தல்

ரேமை உச்சிக்கு ஏற்றுங்கள். டையைக் கையால் திருகி, ஷெல் ஹோல்டரைத் தொட்டதும் நிறுத்தி, லாக் ரிங்கை இறுக்குங்கள். ஒரு உறைக்கு மசகு தடவுங்கள். உடல் முழுக்க மெல்லிய படலமாக, கழுத்தின் உள்ளே துளி. தோளில் வேண்டாம், அங்கே தேங்கினால் பித்தளையில் குழி விழும். இப்போது உறையை ஏற்றி, ரேம் உச்சியில் இருக்கும்போது டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் நடுவே எதிர் வெளிச்சத்தில் குனிந்து பாருங்கள். காலியாக இருந்தபோது ஒட்டி நின்ற இடத்தில் இப்போது மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். அதுதான் பிரஸ் பாரத்தில் விரிந்த அளவு. எந்த இரும்பும் கொஞ்சம் விரியத்தான் செய்யும். நல்ல சட்டத்தில் டையை இன்னும் எட்டில் ஒரு சுற்றோ, கொஞ்சம் கூடவோ இறக்கினால் அந்தக் கீற்று மறைந்துவிடும். கால் சுற்றைத் தாண்டியும் மறையவில்லை என்றால் சட்டம் பலவீனம், அல்லது மசகு போதவில்லை.

அப்புறம் அந்த உறையை, மருந்தோ பிரைமரோ இல்லாமல், உங்கள் ரைஃபிளில் வைத்து போல்ட்டை மூடிப் பாருங்கள். மென்மையாக மூடினால் சரி. டையைத் தேவைக்கு மேல் இறக்கித் தோளை அதிகமாகப் பின்தள்ளினால், ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை அடிப்பகுதிக்குச் சற்று மேலே நீண்டு மெலியும், சில சுற்றில் அங்கேயே பிளக்கும். தோளின் இடத்தை அளக்கும் காம்பரேட்டர் ஒன்றைக் காலிப்பரில் மாட்டி, சுட்ட உறைக்கும் சுருக்கிய உறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதே சிறந்த வழி.

மசகு போதாமல் உறை டைக்குள் சிக்கிக்கொண்டால் கைப்பிடியில் தொங்க வேண்டாம், விளிம்பு கிழிந்துவிடும். சிக்கிய உறையை எடுக்கும் கருவி விலை குறைவு. உறையின் அடியில் துளைபோட்டு, மரை வெட்டி, போல்ட்டால் இழுத்து எடுக்கும் முறை அது. டையோடு சேர்த்து அதையும் வாங்கி வையுங்கள்.

ராணுவ உறைகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பிரைமரைச் சுற்றி உலோகத்தை நெரித்துப் பூட்டியிருப்பார்கள். பழையது வெளியே வந்துவிடும், புதியது உள்ளே போகாது. அந்த வளையத்தை நீக்கத் தனிக் கருவி வேண்டும். ஆரம்பத்தில் கடையில் வாங்கிச் சுட்ட சாதாரண உறைகளோடு தொடங்குவது சுலபம்.

மருந்தைத் தொடுமுன்

எவ்வளவு மருந்து என்பதை இந்தக் கட்டுரையில் எழுதவில்லை, வேண்டுமென்றே. குண்டு அல்லது மருந்து தயாரிக்கும் நிறுவனம் வெளியிட்ட கையேட்டில் உங்கள் காலிபர், அதே எடைக் குண்டு, அதே மருந்து என்று பார்த்து, அதில் கொடுத்திருக்கும் தொடக்க அளவிலிருந்து மேலே போங்கள். நண்பர் சொன்ன அளவு, எங்கோ படித்த அளவு எதுவும் வேண்டாம். மேஜை மீது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அளவியில் மிஞ்சியதை அதே டப்பாவில் திருப்பி ஊற்றி மூடுங்கள். கண்ணாடி போடாமல் பிரைமரைத் தொட வேண்டாம். புகைக்கக் கூடாது, சாப்பிடக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மருந்தும் பிரைமரும் பூட்டி வைக்க வேண்டியவை. மருந்தை வேறு பாட்டிலுக்கு மாற்றாமல் வாங்கிய டப்பாவிலேயே வையுங்கள். வீட்டில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு உள்ளூர்த் தீயணைப்பு விதி உண்டு. பல இடங்களில் பின்பற்றப்படும் என்.எஃப்.பி.ஏ 495 என்ற தீப்பாதுகாப்புத் தரப்படி, வீட்டில் தனி ஏற்பாடு இல்லாமல் வைக்கும் புகையற்ற மருந்துக்கு 20 பவுண்டும் பிரைமருக்கு 10,000உம் வரம்பு.

ஆர்டர் போடும்போது

பிரஸ்ஸோடு சேர்த்து உங்கள் காலிபருக்கு இரண்டு டை கொண்ட ரைஃபிள் செட் ஒன்றும், ஷெல் ஹோல்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷெல் ஹோல்டர் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இதில்தான் பலருக்குத் தடுமாற்றம். .308, .30-06, 6.5 கிரீட்மோர், .243, .270 எல்லாவற்றுக்கும் அடிவிளிம்பு ஒரே அளவு, ஒரே ஷெல் ஹோல்டர் போதும்: ஆர்.சி.பி.எஸ் என்றால் எண் 3, லீ என்றால் 2, ஹார்னடியிலும் ரெடிங்கிலும் 1. .223க்கு ஆர்.சி.பி.எஸ்ஸிலும் ரெடிங்கிலும் 10, லீயில் 4, ஹார்னடியில் 16. பிரைமர் வாங்கும்போதும் அளவு பாருங்கள். .308, .30-06 இரண்டும் பெரிய ரைஃபிள் பிரைமர், .223 சின்ன ரைஃபிள் பிரைமர். 6.5 கிரீட்மோரில் மட்டும் இரண்டு விதமான உறையும் விற்கிறார்கள், கையில் இருக்கும் உறையைப் பார்த்துவிட்டே பிரைமர் வாங்குங்கள்.